ரெய்னால்டோ அரேனாஸ்: கியூபப் புரட்சியும் ஆண்மையின் அளவுகோலும்

ரெய்னால்டோ அரேனாஸ் (1943–1990) கியூபாவின் நாவலாசிரியர், கவிஞர். பதினைந்து வயதுகூட நிறையாதபோது புரட்சிப் படையில் சேர வீட்டைவிட்டு ஓடியவர். அந்தப் புரட்சி வென்றபின் அதே அரசால் சிறையில் அடைக்கப்பட்டவர். அவருடைய எழுத்து அதற்கு ஒரு காரணம், அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது இன்னொரு காரணம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அரசு முயலவில்லை. அவராலும் பிரிக்க முடியவில்லை. அவருடைய தன்வரலாறு கியூபாவின் ஆண்மை வழிபாட்டைப் பற்றிக் கிடைக்கும் மிக நெருக்கமான சாட்சியங்களில் ஒன்று. மிகைகளும் கோபங்களும் நிறைந்த சாட்சியம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மண் தின்ற சிறுவன்

கியூபாவின் கிழக்கே, அப்போது ஓரியன்டே என்று அழைக்கப்பட்ட மாகாணத்தில், ஒல்கீன் நகருக்கு அருகிலுள்ள அகுவாஸ் கிளாரஸ் பகுதியில் 1943 ஜூலை 16 அன்று அரேனாஸ் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை தாயைக் கைவிட்டுப் போய்விட்டார். தாய் தன் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். கணவனால் கைவிடப்பட்டவர்களும் மணமாகாதவர்களுமாகப் பெண்கள் நிறைந்த வீடு அது. பசிக்கு மண்ணைத் தின்றதுதான் அரேனாஸின் முதல் நினைவு.

தந்தையை அவர் ஒரே ஒரு முறை பார்த்ததாக எழுதுகிறார். தாயுடன் ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு அழகான மனிதர் எதிரே வந்தார். தாய் உடனே கற்களைப் பொறுக்கி அவர் மீது எறியத் தொடங்கினார். கல்லடிக்கு நடுவே அந்த மனிதர் சிறுவனிடம் வந்து, தலையைத் தடவி, கையில் கொஞ்சம் காசு கொடுத்துவிட்டுப் போனார். வந்தவர் யார் என்பது அதற்குப் பிறகுதான் சிறுவனுக்குத் தெரிந்தது.

வீட்டில் அதிகாரம் தாத்தாவிடம் இருந்தது. குடித்துவிட்டுச் சீறும் அந்தக் கிழவரே அரேனாஸ் பார்த்த முதல் 'ஆண்'. பின்னாளில் எழுதிய முதல் நாவலில் மரங்களின் தண்டுகளில் கவிதை எழுதும் ஒரு சிறுவன் வருகிறான். அவன் எழுத எழுத, தாத்தா கோடரியுடன் வந்து அந்த மரங்களை வெட்டிச் சாய்க்கிறார். கவிதை எழுதுவது ஆண்பிள்ளை செய்யும் வேலை அல்ல என்பது அந்த வீட்டின் தீர்ப்பு. நாவலில் கோடரி ஓய்வதே இல்லை.

'பறவை' என்ற சொல்

1950களின் நடுவில் குடும்பம் ஒல்கீன் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் கொய்யாப்பழக் கட்டிகள் செய்யும் ஆலையில் வேலைக்குப் போனான். கொய்யாவைச் சர்க்கரையுடன் காய்ச்சி, நம்மூர் அல்வாவைப் போலத் துண்டுபோட்டு விற்கும் இனிப்பு அது. அதை அடைக்கும் மரப்பெட்டிகளை ஆணியடித்துச் சேர்ப்பது அவன் வேலை. மற்ற நேரங்களில் பள்ளி, திரைப்படம், யாரும் கேட்காமல் எழுதிக் குவித்த நீண்ட கதைகள்.

அந்தப் பள்ளியில்தான் உடன் படித்த ஒருவன் அவனைப் பார்த்து, 'நீ ஒரு பறவை' என்ற பொருளில் சொன்னான். கியூபப் பேச்சு வழக்கில் 'பாஹரோ', அதாவது பறவை, ஆண்களை விரும்பும் ஆணைக் குறிக்கும் ஏளனச் சொல். சொன்னவன் பொருளையும் விளக்கியே சொன்னான். தனக்குள் பெயரில்லாமல் இருந்த ஒன்றுக்கு அரேனாஸ் கேட்ட முதல் பெயர் ஒரு வசை. தன்பாலீர்ப்புள்ள பல இளைஞர்களுக்கு இது எந்த நாட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. தன்னைப் பற்றித் தானே அறிந்துகொள்வதற்கு முன்பே ஊர் அவர்களை அறிந்து வைத்திருக்கிறது.

அவன் அந்தப் பெயரை ஏற்கவில்லை. பெண்தோழியைத் தேடிக்கொண்டான். நடையைக் கவனித்தான், குரலைக் கவனித்தான். ஆணாக இருப்பது என்பது பிறர் கண்முன்னே ஒவ்வொரு நாளும் நிரூபித்துக் காட்ட வேண்டிய வேலையாகிவிட்டது.

அந்த நிரூபணத்துக்கு 1958இல் ஒரு பெரிய வாய்ப்பு கிடைத்தது. சர்வாதிகாரி பத்திஸ்தாவை எதிர்த்து ஃபிடல் காஸ்ட்ரோவின் கெரில்லாக்கள் மலைகளில் போரிட்டுக்கொண்டிருந்தனர். ஊரில் மின்சாரம் இல்லை, உணவுத் தட்டுப்பாடு. அரேனாஸ் நடந்தே சென்று கிளர்ச்சியாளர்களைக் கண்டடைந்தார். ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், ஆயுதம்தான் இல்லை என்றார்கள். ஊருக்குத் திரும்பிப்போய் ஒரு சிப்பாயைக் கொன்று துப்பாக்கியுடன் வா என்று அனுப்பினார்கள். அவரால் அது முடியவில்லை. வெறுங்கையுடன் மீண்டும் வந்தவரைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். ஒரு குண்டும் சுடாமலேயே அவருடைய போர் முடிந்தது. 1959 ஜனவரி 1 அன்று பத்திஸ்தா நாட்டைவிட்டு ஓடினார். ஒல்கீனுக்குத் திரும்பிய சிறுவனை ஊர் வீரனாக வரவேற்றது.

தாடிக்காரர்களின் ஆண்மை

கியூபாவின் ஆண்மைவாதத்தைப் புரட்சி உருவாக்கவில்லை. ஸ்பானியர் ஆட்சிக் காலக் குடும்ப அமைப்பு, அடிமை உழைப்பில் ஓடிய கரும்புத் தோட்டங்கள், கத்தோலிக்க ஒழுக்கம், பெண்ணின் கற்பை ஆணின் மானத்தோடு கட்டிவைத்த வழக்கம் என அதன் வேர்கள் பழையவை. ஸ்பானிய மொழியில் இதற்கு 'மச்சிஸ்மோ' என்று பெயர். 1938ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்திலேயே தன்பாலுறவை வெளிப்படையாகக் காட்டிக்கொள்வது 'பொது ஒழுக்கக் கேடு' என்ற தலைப்பில் தண்டனைக்குரியதாக இருந்தது.

இந்த ஆண்மைவாதத்துக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. ஒரு ஆண் இன்னொரு ஆணுடன் உறவுகொண்டாலும், உறவில் 'ஆணின் இடத்தில்' இருந்தவரை அவன் ஆண்தான். ஊரார் கண்ணில் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. பெண்ணின் இடத்தில் இருந்தவனுக்கு மட்டுமே இழிபெயர். நடையில் நளினம், பேச்சில் மென்மை, இறுக்கமான கால்சட்டை ஆகியவை படுக்கையறையில் நடப்பதைவிடப் பெரிய குற்றங்களாகக் கருதப்பட்டன. பெண்ணைத் தாழ்வாக வைத்திருந்த சமூகம், பெண்ணைப் போலத் தோன்றிய ஆணை அதைவிடத் தாழ்வாக வைத்தது. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அரேனாஸின் வாழ்க்கையில் பின்னால் நடந்த பலவற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

புரட்சி இந்தக் கணக்கைக் கலைத்திருக்கலாம். நிலத்தையும் பள்ளியையும் மருத்துவத்தையும் மாற்றிய அரசு அது. 1961இல் நாடு முழுவதும் எழுத்தறிவு இயக்கம் நடத்தியது. நிலமற்ற வீட்டுப் பையனான அரேனாஸ் உதவித்தொகையில் படித்ததே அந்த மாற்றத்தால்தான். ஆனால் ஆண் என்பவன் யார் என்ற கேள்வியில் அது பழைய விடையையே எடுத்துக்கொண்டு அதற்குச் சீருடை அணிவித்தது. தாடி வைத்து, ஆலிவ்பச்சை உடுத்து, மலையிலிருந்து இறங்கிவந்த கெரில்லாவே நாட்டின் இலட்சிய உருவம் ஆனான். 1965இல் சே குவேரா எழுதிய புகழ்பெற்ற கட்டுரை முன்வைத்த 'புதிய மனிதன்' என்ற கருத்து, நடைமுறையில் உழைக்கும், போரிடும், தசைவலிமை மிக்க ஆணாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது. அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளுக்காக நடந்த சூதாட்ட விடுதிகளும் விபசாரமும் பத்திஸ்தா காலத்து ஹவானாவின் அடையாளங்களாக இருந்தன. தன்பாலீர்ப்பையும் அதே பட்டியலில் சேர்த்து, முதலாளித்துவம் விட்டுச்சென்ற நோய் என்றார்கள். ஒரே ஆணையில் பழைய கிராமத்து வெறுப்புக்குப் புதிய கோட்பாட்டுப் பெயர் கிடைத்தது.

1961 அக்டோபரில் ஹவானாவில் ஒரு பெரிய சுற்றிவளைப்பு நடந்தது. விபசாரிகள், தரகர்கள், தன்பாலீர்ப்பாளர்கள் ஆகியோரைக் குறிக்கும் ஸ்பானியச் சொற்கள் மூன்றும் 'பி' என்ற எழுத்தில் தொடங்குவதால் அது 'மூன்று பி-க்களின் இரவு' என்று அழைக்கப்படுகிறது. நாட்டின் முதன்மையான நாடக ஆசிரியர் விர்கிலியோ பிஞேரா அப்போது குவானபோ கடற்கரையில் வசித்தார். அவரும் கைதானார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அரேனாஸ் கைதானதும் அதே குவானபோவில்தான்.

விடுதியும் நூலகமும்

புரட்சி அரசு வேளாண்மைக் கணக்காளர்களை உருவாக்க நடத்திய உறைவிடப் பள்ளியில் அரேனாஸ் சேர்ந்தார். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒன்றாக வாழ்ந்த இடம். பட்டாளத்து ஒழுங்கு. ஆண்களுக்கிடையில் உறவு அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் பிடிபட்டவர்களின் நிலையை அவர் விரிவாக எழுதுகிறார். பிடிபட்டவன் தன் கட்டில் விரிப்பையும் சாமான்களையும் சுமந்துகொண்டு, எல்லாரும் பார்க்க, கிடங்குவரை நடந்து அவற்றை ஒப்படைக்க வேண்டும். வழியில் உடன் படித்தவர்கள் கல்லெறிவார்கள். கல்லெறியாமல் நின்றாலே சந்தேகம் எழும். சிறுவயதில் தாய் தந்தை மீது எறிந்த கற்களை அரேனாஸ் இந்த இடத்தில் நினைவுகூரவில்லை. வாசிக்கிறவர்களுக்கு நினைவு வராமல் இராது.

அந்தக் காலம் முழுவதும் அவர் தன்னை மறைத்தே வாழ்ந்தார். மறைத்தவர் ஒரு நம்பிக்கையுள்ள இளங்கம்யூனிஸ்டும்கூட. தன்னை வெறுக்கும் கோட்பாட்டை ஒருவன் மனதார நம்புவது அரிய நிகழ்வல்ல.

1960களின் தொடக்கத்தில் அவர் ஹவானாவுக்கு வந்தார். 1963இல் ஹோசே மார்த்தி தேசிய நூலகம் நடத்திய கதைசொல்லிகளுக்கான தேர்வில், பிறர் கதையைச் சொல்லாமல் தானே எழுதிய சிறுகதையைச் சொன்னார். கேட்டவர்களில் ஒருவர் கவிஞர் எலிசேயோ தியேகோ. நூலகத்திலேயே வேலை கிடைத்தது. கணக்காளராக வேண்டியவர் புத்தக அடுக்குகளுக்கு நடுவே வந்து சேர்ந்தார். படித்தார், எழுதினார், தன்னைப் போன்றவர்களையும் கண்டார்.

முதல் நாவலான 'விடியலுக்கு முன் செலஸ்தீனோ' 1965இல் எழுத்தாளர் சங்கப் போட்டியில் பாராட்டு பெற்று, 1967இல் 2,000 படிகள் அச்சானது. அடுத்த நாவல் 'மாயமான உலகம்' 1966 போட்டியில் அதே போலப் பாராட்டு பெற்றது. ஆனால் அச்சேறவில்லை. பிஞேரா அந்தக் கைப்பிரதியைத் தன் வீட்டில் வைத்து, அதிகாலை முதல் வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார். ஊரறிந்த தன்பாலீர்ப்பாளரான அந்த மூத்த எழுத்தாளர், அடுத்து வந்த கிராமத்து இளைஞனுக்கு இலக்கணத்தோடு வேறொன்றையும் கற்றுக்கொடுத்தார்: இப்படியும் ஒரு மனிதன் வாழ்ந்து மூப்படைய முடியும் என்பதை. 'பாரடைசோ' நாவலை எழுதிய ஹோசே லெசமா லிமாவும் அவரை ஆதரித்தார். 'மாயமான உலகம்' ஹவானாவுக்கு வந்திருந்த ஓவியர் ஹோர்கே கமாச்சோ தம்பதியின் உதவியால் நாட்டைவிட்டு வெளியேறி 1968இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் வந்தது. அனுமதியின்றி வெளிநாட்டில் நூல் வெளியிட்டவர் என்ற பெயரும் அரேனாஸுக்குச் சேர்ந்தது. மெக்சிகோ நாட்டுத் துறவி ஒருவர் சிறைகளிலிருந்து திரும்பத் திரும்பத் தப்பியோடிய கதை அது. எழுதும்போது தனக்கும் அதுவே காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

முகாம்களும் மாநாடும்

1965 இறுதியில் கமகுவே மாகாணத்தின் கரும்பு வயல்களில் 'உற்பத்திக்கு உதவும் இராணுவப் பிரிவுகள்' என்ற பெயரில் முகாம்கள் தொடங்கப்பட்டன. ஸ்பானியப் பெயரின் முதலெழுத்துகளால் 'உமாப்' என்று அறியப்படுபவை. துப்பாக்கி கொடுத்து நம்ப முடியாதவர்கள் என்று கருதப்பட்டோர் கட்டாய இராணுவ சேவைக்குப் பதிலாக அங்கே அனுப்பப்பட்டனர். யெகோவாவின் சாட்சிகள், பாதிரியார்கள், வேலையற்ற இளைஞர்கள் ஆகியோருடன் தன்பாலீர்ப்பாளர்களும் அவர்களில் இருந்தனர். முள்வேலிக்குள் தங்கவைக்கப்பட்டுக் கரும்பு வெட்டினார்கள். கடும் உழைப்பு அவர்களை ஆண்களாக்கும் என்பது எண்ணம். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகர் பாப்லோ மிலனேஸும், பின்னாளில் கர்தினாலான ஹைமே ஒர்த்தேகாவும் அங்கே இருந்தவர்கள். நாட்டிலும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பால் 1968இல் முகாம்கள் மூடப்பட்டன.

அரேனாஸ் அந்த முகாம்களில் இருக்கவில்லை. ஆனால் 1970இல், ஒரு கோடி டன் சர்க்கரை இலக்குக்காக நாடே கரும்பு வெட்டப்போனபோது, பினார் தெல் ரியோவிலுள்ள ஒரு ஆலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். அடிமைகள் வெட்டிய அதே பயிரைச் சீருடை அணிந்த இளைஞர்கள் வெட்டுவதைப் பார்த்து அங்கே ஒரு நெடுங்கவிதை எழுதினார். அந்த ஆண்டு இலக்கு எட்டப்படவில்லை. சுமார் 85 லட்சம் டன்னில் நின்றது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் கூடிய கல்வி, பண்பாட்டு மாநாடு தன்பாலீர்ப்பை ஒரு சமூக நோயாக வகைப்படுத்தியது. இளைஞர்கள் மீது செல்வாக்குச் செலுத்தக்கூடிய பணிகளில் அத்தகையோர் இருக்கக்கூடாது என்றது. நாடகக் கலைஞர்களும் ஆசிரியர்களும் வேலை இழந்தனர். அதே மாதம் கவிஞர் எபெர்த்தோ பதியா சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டு, எழுத்தாளர்கள் கூடியிருந்த அரங்கில் தன்னையும் நண்பர்களையும் குற்றம் சாட்டிப் பேச வைக்கப்பட்டார். ஹவானாவின் எழுத்தாளர் வட்டத்தில் அதன் பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை. அரேனாஸின் நண்பர்களிலேயே சிலர் அவரைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள்.

இருளுவதற்கு முன்

1973 கோடையில் குவானபோ கடற்கரையில் அரேனாஸின் பையையும் நண்பரின் பையையும் சில இளைஞர்கள் திருடிக்கொண்டு போனார்கள். அவர்கள் போலீசை அழைத்தார்கள். பிடிபட்ட இளைஞர்கள், இவர்கள் தங்களைத் தகாத முறையில் அணுகினார்கள் என்று எதிர்ப்புகார் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் திருட்டுக் கொடுத்தவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சிறுவர்களைக் கெடுத்ததாக வழக்கு. அந்த இளைஞர்கள் வயது வந்தவர்கள் என்றும், வழக்கு விரைவில் தன் எழுத்து பற்றிய வழக்காக மாறிவிட்டது என்றும் அரேனாஸ் சொல்கிறார். வெளிநாட்டில் வந்த நூல்கள் கோப்பில் சேர்ந்துகொண்டன.

1974இல் அவர் காவலிலிருந்து தப்பினார். கடலில் நீந்தினார். தீவின் மறுகோடியிலுள்ள குவாந்தானமோ அமெரிக்கத் தளத்துக்குள் நுழைய முயன்று தோற்றார். கடைசியில் ஹவானா புறநகரிலுள்ள லெனின் பூங்காவில் மரங்களுக்கிடையே ஒளிந்து வாழ்ந்தார். எழுத்தாளர் ஹுவான் அப்ரேயுவும் அவருடைய சகோதரர்களும் உணவும் காகிதமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். விளக்கு இல்லை. வெளிச்சம் இருக்கும்வரை எழுதினார். தன்வரலாற்றை அவர் எழுதத் தொடங்கியது அங்கேதான். அதன் தலைப்பான 'இருளுவதற்கு முன்' அந்தப் பூங்காவின் மாலைப் பொழுதுகளிலிருந்து வந்தது. முதல் நூல் விடியலுக்கு முன், கடைசி நூல் இருளுவதற்கு முன்.

டிசம்பரில் பிடிபட்டபோது அவர் கையில் இருந்த புத்தகம் 'இலியட்'. ஹவானா துறைமுக வாயிலில் இருக்கும் எல் மோரோ கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டார். படகில் போகும் பயணிகள் புகைப்படம் எடுக்கும் கலங்கரைவிளக்கத்தின் கீழே அப்போது சிறை. தன்பாலீர்ப்பாளர்களுக்கு அங்கே தனிக் கொட்டடிகள், மற்றவற்றைவிட மோசமானவை என்று அரேனாஸ் எழுதுகிறார். அவரைக் கொலையும் கொள்ளையும் செய்தவர்களுடன் அடைத்தார்கள். அங்கே ஒரு தொழில் அவரைக் காப்பாற்றியது. எழுதத் தெரியாத கைதிகளுக்காக அவர்களுடைய மனைவியருக்கும் காதலிகளுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஊரையே நடுங்கவைத்த முரடர்கள் அவர் அருகில் உட்கார்ந்து, தங்கள் அன்பைச் சொல்லச் சொற்கள் கேட்டார்கள். ஆண்மை சொல்லவிடாத சொற்களை அவரிடமிருந்து வாங்கிப் போனார்கள். கூலி சிகரெட்.

அரசுப் பாதுகாப்புத் துறையின் விசாரணைக் கூடத்தில் அவர் பணிந்தார். தன் எழுத்தையும் வாழ்க்கையையும் நிராகரிக்கும் வாக்குமூலத்தில் கையொப்பமிட்டார். இதைத் தன்வரலாற்றில் அவர் மறைக்கவில்லை. கையொப்பத்துக்குப் பிறகு தன்னிடம் மிஞ்சியிருந்த மதிப்பும் போய்விட்டது என்று உணர்ந்ததைச் சொல்கிறார். பதியாவின் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தவர்களில் அவரும் ஒருவர்.

1976இல் விடுதலையானவருக்கு வேலை இல்லை, வீடு இல்லை. 'மீண்டும் கடல்' என்ற நாவலை அவர் மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. கைப்பிரதிகள் தொலைந்தன, கூரை ஓட்டுக்கடியில் ஒளித்ததும் பறிபோனது. மணமானவன், மகன் உள்ளவன், ஊர் மெச்சும் கணவன் ஒருவன் தனக்குள் இருக்கும் ஆசையை வாய்திறந்து சொல்லாமலே அழிவது அந்த நாவலின் கதை. அரேனாஸின் நாவல்களில் அடையாளப் போராட்டத்தை மிக உள்ளிருந்து சொல்வது இதுவே. வெளிப்படையாக வாழ்ந்தவனின் துன்பத்தைவிட மறைத்து வாழ்ந்தவனின் துன்பத்தை அவர் பெரிதாகக் கண்டார் என்பதை இதில் பார்க்கலாம்.

மரியேல்: நடந்து காட்டிய தேர்வு

1980 ஏப்ரலில் ஹவானாவிலுள்ள பெரு நாட்டுத் தூதரகத்துக்குள் சில நாட்களில் 10,000க்கும் மேற்பட்டோர் புகுந்தனர். நெருக்கடியைத் தீர்க்க, போக விரும்புவோர் மரியேல் துறைமுகம் வழியாகப் போகலாம் என்று காஸ்ட்ரோ அறிவித்தார். அக்டோபருக்குள் சுமார் 1,25,000 பேர் வெளியேறினார்கள். போகிறவர்கள் நாட்டின் 'கழிவு' என்று அரசு சொன்னது. அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாக, குற்றவாளிகளும் தன்பாலீர்ப்பாளர்களும் வெளியேற முன்னுரிமை கிடைத்தது.

அரேனாஸ் தன் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போய்த் தான் தன்பாலீர்ப்பாளன் என்று பதிவு செய்தார். அங்கே கேட்டது ஒரே கேள்வி: உறவில் ஆணா, பெண்ணா? பெண் இடம் என்றார். ஆண் இடம் என்று சொன்ன இன்னொருவரை, அப்படியானால் நீ உண்மையில் அந்த வகை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவரை நடந்து காட்டச் சொன்னார்கள். அவர் நடந்தார். தேறினார். ஒல்கீன் பள்ளியில் அவன் கண்காணித்துத் திருத்திக்கொண்ட நடை, இப்போது வெளியேறும் அனுமதிச்சீட்டு. அந்த வாரங்களில் தன்பாலீர்ப்பில்லாத ஆண்களும் காவல் நிலையங்களில் இடுப்பை ஒடித்து நடந்து காட்டினார்கள் என்று அவர் எழுதுவது, அந்தத் துயரமான நூலின் சிரிப்பு மூட்டும் பக்கங்களில் ஒன்று.

அனுமதி கொடுத்த உள்ளூர்க் காவலர்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் துறைமுகத்தில் இருந்தவர்கள் கையில் தடை செய்யப்பட்டோர் பட்டியல் இருந்தது. கடவுச்சீட்டில் 'அரேனாஸ்' என்ற பெயரை ஒரே எழுத்து மாற்றி 'அரினாஸ்' ஆக்கியிருந்தார். பட்டியலில் அரினாஸ் என்று யாரும் இல்லை. மே மாதத் தொடக்கத்தில் படகேறினார். படகின் இயந்திரம் பழுதாகி, சில மணி நேரப் பயணம் சில நாட்கள் நீண்டது.

இதில் இன்னொரு முரண் உண்டு. அப்போதைய அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்படி தன்பாலீர்ப்பாளர்கள் நாட்டுக்குள் அனுமதிக்கத் தகாதவர்கள். கியூபாவைவிட்டு வெளியேற உரக்கச் சொன்னதை, மறுகரையில் சொல்லாமல் இருப்பது நல்லது. அமெரிக்கா அந்த விதியை நீக்கியது 1990இல்.

மியாமி, நியூயார்க்

மியாமியில் குடியேறியிருந்த கியூபர்களிடம் அவர் நீண்ட நாள் இருக்கவில்லை. அரசியலில் காஸ்ட்ரோவுக்கு நேரெதிரானவர்கள்தான். ஆண்மை விஷயத்தில் தாயகத்தின் கண்ணாடி என்று அவருக்குப் பட்டது. ஆண்டு முடிவதற்குள் நியூயார்க் போனார். மன்ஹாட்டனில் 44ஆவது தெருவில் குடியிருந்தார். 1983இல் தன்னைப் போல வந்தவர்களுடன் 'மரியேல்' என்ற இதழைத் தொடங்கினார். 'கழிவு' என்று அனுப்பப்பட்டவர்கள் தாங்கள் வந்த துறைமுகத்தின் பெயரையே தலைப்பாக்கிக்கொண்டார்கள்.

நியூயார்க்கின் சுதந்திரம் அவருக்கு முழு நிறைவைத் தரவில்லை. தன்பாலீர்ப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு தனி உலகமாக வாழ்வது அவருக்கு அலுப்பூட்டியது. கியூபாவில் விரும்பியது 'உண்மையான ஆண்களை' என்று தயக்கமில்லாமல் எழுதுகிறார். இது சங்கடம் தரும் பகுதி. யாருடைய அளவுகோல் அவரை வாழ்நாள் முழுவதும் குறைத்து அளந்ததோ, அதே அளவுகோலால்தான் அவருடைய ஆசையும் அளக்கப்பட்டிருந்தது. ஆண்மைவாதம் வெளியிலிருந்து வந்து தாக்கும் பகை மட்டும் என்றால், 90 மைல் கடலைக் கடந்ததும் அது முடிந்திருக்கும். இந்தப் பக்கங்களை அவர் மழுப்பாமல் விட்டது நூலின் நேர்மை.

நூலை ஆவணமாக எடுத்துக்கொள்வதில் எச்சரிக்கை தேவை. உறவுகளின் எண்ணிக்கை, உரையாடல்கள், எதிரிகளின் உருவங்கள் எல்லாவற்றிலும் நாவலாசிரியனின் கை தெரிகிறது. கியூப ஆதரவாளர்கள் சிலர் இதைக் காட்டி முழு நூலையும் தள்ளிவிட முயன்றார்கள். அது சரியல்ல. முகாம்களும் மாநாட்டுத் தீர்மானமும் வேலை நீக்கங்களும் அவர் கற்பனையில் பிறந்தவை அல்ல.

1987இல் அவருக்கு எய்ட்ஸ் என்று உறுதியானது. மருத்துவமனையிலிருந்து வந்ததும், சுவரில் மாட்டியிருந்த பிஞேராவின் புகைப்படத்தின் முன் நின்று, எழுதி முடிக்க இன்னும் மூன்று ஆண்டுகள் வேண்டும் என்று கேட்டதாக எழுதுகிறார். பிஞேரா 1979இலேயே இறந்துவிட்டிருந்தார். கேட்டது ஏறக்குறைய கிடைத்தது. பேனா பிடிக்க வலுவில்லாதபோது ஒலிநாடாக்களில் பேசித் தன்வரலாற்றை முடித்தார். ஐந்து நாவல் வரிசையும் நிறைவுற்றது. 1990 டிசம்பர் 7 அன்று, நோய் முற்றிய நிலையில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 47 வயது. 'இருளுவதற்கு முன்' 1992இல் அச்சில் வந்தது. 2000ஆம் ஆண்டு ஜூலியன் ஷ்னாபெல் அதைத் திரைப்படமாக்கினார். அரேனாஸாக நடித்த ஹாவியேர் பர்தெம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

கியூபாவில் பின்னர்

1979ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் சட்டம் தனிமையில் நடக்கும் தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டது. வெளிப்படையாகக் காட்டிக்கொள்வதைத் தண்டிக்கும் பிரிவுகள் அதற்குப் பிறகே படிப்படியாகப் போயின. 1993இல் தொமாஸ் குத்தியேரெஸ் அலேயாவும் ஹுவான் கார்லோஸ் தபியோவும் இயக்கிய 'ஸ்ட்ராபெரியும் சாக்லேட்டும்' என்ற படம் ஒரு தன்பாலீர்ப்பாளருக்கும் இளங்கம்யூனிஸ்டு ஒருவனுக்கும் ஏற்படும் நட்பைச் சொன்னது. ஹவானா திரையரங்குகளில் கூட்டம் அலைமோதியது. அந்தப் படத்திலும் தன்பாலீர்ப்பாளர் கடைசியில் நாட்டைவிட்டே போகிறார்.

2010 ஆகஸ்டில் மெக்சிகோவின் 'லா ஹோர்னாதா' நாளிதழுக்கு அளித்த பேட்டியில், 1960களில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு இழைக்கப்பட்டது பெரும் அநீதி என்றும், பொறுப்பு தன்னுடையதே என்றும் ஃபிடல் காஸ்ட்ரோ ஒப்புக்கொண்டார். போர், சதி, படுகொலை முயற்சிகள் என்று பல நெருக்கடிகள் இருந்ததால் அதைக் கவனிக்க நேரமில்லாமல் போனது என்றும் சொன்னார். 2022 செப்டம்பர் 25 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் புதிய குடும்பச் சட்டத்தை ஏற்றனர். தன்பாலினத் திருமணமும் தத்தெடுப்பும் கியூபாவில் சட்டபூர்வமாயின. அரேனாஸின் நூல்களில் அவர் உயிரோடு இருந்தவரை கியூபாவில் அச்சானது ஒன்றுதான்: மரத்தண்டுகளில் கவிதை எழுதும் சிறுவனைப் பற்றிய அந்த முதல் நாவல், 1967, 2,000 படிகள்.